மேடைக்கு முந்திய நேர்மை: இசைஞரின் ஆயத்தம் குறித்து ஒரு நோக்கு

இசை நிகழ்ச்சி ஒன்றையோ கூத்து ஒன்றையோ மதிப்பிட முற்படும்போது, திரை விலகும் வேளையிலிருந்து அது மூடும் வேளை வரை நிகழ்ந்தவற்றையே நாம் பெரும்பாலும் கருத்திற் கொள்கின்றோம். குரல் இனிமையாக இருந்ததா, தாளம் பிசகியதா, சபையோர் எவ்விடத்திற் கைதட்டினர் என்பனவே நமது விமர்சனத்தின் பொருளாகிவிடுகின்றன. மேடைக்கு முந்திய மாதங்களும் ஆண்டுகளும் கலைஞரின் சொந்த விவகாரமெனக் கருதி ஒதுக்கப்படுகின்றன. ஆயினும் மேடையிற் கேட்கும் ஒவ்வோர் ஓசையும் அம்மாதங்களினதும் ஆண்டுகளினதும் விளைவேயாகும். விளைவை மாத்திரம் ஆராய்ந்து, அது விளைந்த நிலத்தைப் பாராதிருப்பது முழுமையான விமர்சனமாகாது.

பயிற்சி தேவை என்பதை எவரும் மறுப்பதில்லை. ஒருவர் எத்துணைக் காலம் பயின்றார், நாளொன்றுக்கு எத்தனை மணிநேரம் பயின்றார் என்பன வழக்கமாக எழுப்பப்படும் வினாக்கள். இக்கட்டுரை எழுப்ப விரும்பும் வினா வேறு. அப்பயிற்சி நேர்மையானதா என்பதே அது. நேர்மை என்பது இங்கு இரண்டு விடயங்களைக் குறிக்கும். முதலாவது, தமது குறையைத் தாமே கேட்கக்கூடிய வகையில் ஒருவர் பயில்கின்றாரா என்பது. இரண்டாவது, தாம் பயின்றது யாருடைய உழைப்பின் பேறு என்பதை அவர் ஏற்றுக்கொள்கின்றாரா என்பது. முதலாவது கலைஞரின் செவியைப் பற்றியது. இரண்டாவது அவர் வாழும் சமூகத்தைப் பற்றியது. இவ்விரண்டும் தனித்தனியே நிற்பன அல்ல. மலையகத்தின் தப்பிசையை நாம் இன்று மேடையேற்றும் முறையில் இவை இரண்டுமே ஒருங்கே தவறிப்போகின்றன என்பதை எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் சில சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் நன்று. நம்மிடையே சாதகம் என்றும் ஒத்திகை என்றும் இரு வழக்குகள் உள்ளன. சாதகம் என்பது குறிப்பிட்ட எந்நிகழ்ச்சியையும் எதிர்நோக்காது, குரலையோ கையையோ நாள்தோறும் பண்படுத்தும் முயற்சி. ஒத்திகை என்பது குறிப்பிட்ட நிகழ்ச்சி ஒன்றை முன்னிட்டுப் பலரும் கூடி ஒத்துப்போகப் பழகுவது. சாதகம் இல்லாத ஒத்திகை, அத்திவாரம் இடாத வீட்டுக்குச் சுண்ணாம்பு பூசுவதற்கு ஒப்பானது. இன்றைய கலைவிழாக்கள் பலவற்றிற் பயிற்சி என்ற பெயரில் நடைபெறுவது ஒத்திகை மட்டுமேயாகும். இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டே மேலே செல்லவேண்டியுள்ளது.

தமிழிலே ஆயத்தம் பற்றிய மிகப் பழைய விரிவான பதிவு சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையாகும். மாதவி ஐந்தாம் வயதிற் பயிலத் தொடங்கி, ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் வயதிற் சோழ மன்னனின் அவையில் அரங்கேறுகின்றாள். அவள் ஆடிய ஆட்டத்தின் வருணனையைக் காட்டிலும் அதற்கு முந்திய ஆயத்தத்தின் வருணனையே அக்காதையின் பெரும்பகுதியாக அமைகின்றது. ஆடலாசிரியன், இசையாசிரியன், பாடலாசிரியன், தண்ணுமை வாசிப்போன், குழலோன், யாழோன் ஆகியோரின் தகைமைகள் ஒவ்வொன்றாகக் கூறப்படுகின்றன. பின்னர் அரங்கின் அளவுகள் கோற்கணக்கிற் கூறப்படுகின்றன. அதன் பின்னரே ஆடல் நிகழ்கின்றது. ஆடியவளின் புகழ் பாட வந்த புலவர், அவளை ஆட்டுவித்தோரை மறக்கவில்லை என்பது கருதத்தக்கது.

இங்கு தண்ணுமை வாசிப்போனின் இலக்கணம் நமது பொருளுக்கு மிகவும் இன்றியமையாதது. ஏனைய கருவிகளிற் குறைவு நேருமிடத்து அதனை நிரப்பவும், மிகுதி நேருமிடத்துத் தன்னை அடக்கவும், தனது ஓசை பிறவற்றை மூடிவிடாது காக்கவும் அவன் அறிந்திருத்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. முழவு கற்றவனின் முதிர்ச்சி அவன் எழுப்பும் ஓசையின் பெருமையிலே தங்கியிருக்கவில்லை; பிறரின் ஓசையைக் கேட்கும் ஆற்றலிலே தங்கியிருந்தது. பயிற்சி என்பது கைக்கு முன்னர் செவிக்கு உரியது என்ற உண்மையை நமது மரபு நெடுங்காலத்துக்கு முன்பே உணர்ந்திருந்தது எனலாம்.

கர்நாடக இசைப் பயிற்சி முறையிலும் இவ்வுண்மையைக் காணலாம். புரந்தரதாசர் வகுத்தவை என மரபு போற்றும் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் ஆகியன மூன்று காலங்களிலும் பாடப்படுகின்றன. இவற்றுட் கடினமானது மூன்றாங் காலம் என்று தொடக்க மாணவர் கருதுவர். அனுபவமுள்ள ஆசிரியர் முதலாங் காலத்தையே கடினமெனக் கூறுவர். வேகத்திற் சுரங்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு ஓடுவதால் ஒவ்வொன்றின் குறையும் மறைந்துவிடும். மெதுவாகப் பாடுமிடத்து, சுரம் தன் இடத்தில் நிற்கின்றதா, சற்று விலகி நிற்கின்றதா என்பது தம்புராவின் மாறாத நாதத்தோடு ஒப்பிட்டு உடனே புலனாகும். எனவே மெதுவாகப் பயிலுதல் என்பது தன்னைத் தானே சாட்சிக்கூண்டில் ஏற்றுதல் போன்றது. தனிமையில் வேகமாக மட்டும் பயில்பவர், தம்மைத் தவிர வேறெவரும் இல்லாத அறையிலும் தம்மை ஏமாற்றிக்கொள்கின்றார்.

இம்மரபிலே நேர்மைக்குரிய இன்னொரு சோதனை கற்பனைச் சுரமும் இராக ஆலாபனையுமாகும். இவை மனோதர்மம் எனப்படுவன. அவ்வேளையில் உதிப்பவை என்று சபை நம்புகின்றது. ஆயின் சிலர் எழுதி மனனஞ் செய்த சுரக்கோவைகளை அக்கணத்தில் உதித்தன போலப் பாடுவதுண்டு. கற்கும் நிலையில் எழுதிப் பயில்வதிற் குற்றமில்லை. மொழி பயிலும் பிள்ளை வாக்கியங்களை மனனஞ் செய்வது போன்றது அது. மனனஞ் செய்ததையே உரையாடல் எனச் சபையை நம்பச் செய்யுமிடத்தேதான் குற்றம் பிறக்கின்றது. மனனஞ் செய்தவருக்கும் மனோதர்மத்துக்கு ஆயத்தமானவருக்கும் உள்ள வேறுபாடு பக்கவாத்தியக்காரர் எதிர்பாராத ஒன்றை வாசிக்கும்போது வெளிப்பட்டுவிடும். முன்னவர் தடுமாறுவார்; பின்னவர் பதிலளிப்பார்.

ஈழத்தின் வடபகுதியில் அளவெட்டி, இணுவில் முதலான ஊர்களில் வளர்ந்த நாதஸ்வர, தவில் மரபை நோக்குவோமாயின், சாதகத்தின் மகத்துவம் அங்கு ஏறத்தாழ ஓர் ஐதிகமாகவே மாறியிருப்பதைக் காணலாம். 1975இல் மறைந்த தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் பெயர் தமிழகத்திலும் ஈழத்திலும் எடுக்கப்படும்போதெல்லாம், அவரது கைத்திறனோடு அவரது குருகுலப் பயிற்சியும் சேர்த்தே பேசப்படுகின்றது. நாதஸ்வரக் கலைஞர் சீவாளிகளைப் பதம் பார்த்து வைத்திருப்பதும், தவிற் கலைஞர் விரல்களிற் கூடு அணிந்துகொள்வதும், மிருதங்கக் கலைஞர் இடந்தலைக்கு ரவை பூசிச் சுருதி சேர்ப்பதும் நிகழ்ச்சியின் அங்கங்களாகவே சபையோரால் மதிக்கப்படுகின்றன. மேடையில் மிருதங்கம் சுருதி சேரும் வரை நாம் அமைதியாக இருக்கின்றோம். அது கலைஞருக்கு நாம் செலுத்தும் மரியாதை. அம்மரியாதை எல்லாத் தோற்கருவிகளுக்கும் கிடைக்கின்றதா என்பதே பின்னர் நாம் எழுப்பவேண்டிய வினா.

செவ்வியல் இசைக்கு மாத்திரமே இத்தகைய ஆயத்தம் உரியது, நாட்டார் கலைகள் இயல்பாக ஊற்றெடுப்பன என்ற கருத்து நம்மிடையே பரவலாக உண்டு. மட்டக்களப்புக் கூத்து மரபு இக்கருத்தை முற்றாக மறுக்கின்றது. பேராசிரியர் சி. மௌனகுரு முதலியோர் விரிவாக எழுதியுள்ளவாறு, அங்கு கூத்தொன்றின் ஆயத்தம் சட்டங் கொடுத்தலுடன் தொடங்கும். இன்னார்க்கு இன்ன பாத்திரம் என ஊர் கூடித் தீர்மானித்து, உரிய பாட்டுக்கள் கொடுக்கப்படும். தொடர்ந்து மாதக்கணக்கிற் பழகுதல் நடைபெறும். பின்னர் சதங்கை அணிதல், கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் எனப் படிகள் பலவற்றைக் கடந்தே அரங்கேற்றம் நிகழும். ஒவ்வொரு படியிலும் ஊரார் பார்வையாளராக இருப்பர். ஆடுபவனின் குறை அரங்கேற்றத்துக்கு முன்னரே ஊரறிந்த விடயமாகிவிடும். குறையை மறைக்க இடமளிக்காத பயிற்சி முறை இது.

பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ தொடங்கி 1968இல் ‘வாலிவதை’ வரை மேடையேற்றிய கூத்துக்களையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும். விடிய விடிய ஆடப்பட்ட கூத்தைச் சிறிது நேரத்துள் அடங்குமாறு சுருக்கியமை பற்றி வாதப் பிரதிவாதங்கள் உள்ளன. எனினும் சுருக்கப்பட்டது ஆற்றுகையின் நேரமேயன்றி, அண்ணாவிமாரிடம் ஆட்டத்தையும் பாட்டையும் முறையாகப் பயிலும் பொறுப்பு அன்று. மேடைக்கு வந்தது குறுகிய வடிவம். அதன் பின்னால் நின்றது நெடிய மரபு. இப்பல்கலைக்கழக முன்மாதிரியிலிருந்து நாம் சுருக்கத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு பயிற்சியைக் கைவிட்டுவிட்டோமோ என்ற ஐயம் இன்று எழுகின்றது.

இனி மலையகத்துக்கு வருவோம். இக்கட்டுரையாளரின் ஊராகிய யட்டவத்த, மாத்தளை மாவட்டத்தின் பிரதேச செயலாளர் பிரிவுகளுள் ஒன்று. பெரும்பான்மையாகச் சிங்களக் கிராமங்களைக் கொண்ட இப்பகுதியில், தேயிலையும் இறப்பரும் வாசனைப் பயிர்களும் கலந்த தோட்டங்களிலே தமிழ் மக்கள் சிதறி வாழ்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பித் தோட்டங்களுக்கென மன்னாரிலிருந்து காட்டு வழியாக நடந்து வந்த தொழிலாளருக்கு மலைநாட்டின் வாயிலாக விளங்கியது மாத்தளையே. அவர்கள் கொண்டுவந்த மூட்டைகளுக்குள் மாரியம்மன் வழிபாடும், காமன் கதையும், தப்பும் இருந்தன.

காமன் கூத்து மாசி மாதத்திலே வளர்பிறையிற் கம்பம் ஊன்றுதலுடன் தொடங்கி, பௌர்ணமியை ஒட்டி மதன் எரிக்கப்படுதலுடன் உச்சமடைவது. சிவனின் தவத்தைக் குலைக்கச் சென்ற மன்மதன் நெற்றிக்கண்ணால் எரிவதும், ரதியின் புலம்பலும், அவன் மீண்டெழுவதும் அதன் கதை. ரதியும் மதனுமாக ஆடுவோர் விரதமிருப்பர். கூத்தைப் பழக்கும் வாத்தியாரைத் தோட்டங்களில் காமன் மாஸ்டர் என அழைப்பர். பகலிற் கொழுந்துக்கும் பால்வெட்டுக்கும் சென்று திரும்பியவர்கள், இரவிற் காமன் பொட்டலிலோ லயத்து வாசலிலோ பாட்டையும் ஆட்டத்தையும் பழகுவர். ஊதியம் கிடைக்கும் உழைப்பு முடிந்த பின்னர், ஊதியமற்ற அந்த உழைப்புத் தொடங்குகின்றது. கலைக்குரிய ஆயத்தத்தை ஓய்வு நேரப் பொழுதுபோக்கு என எண்ணுவோர் இதனைச் சிந்தித்தல் வேண்டும்.

இக்கூத்தின் உயிர்நாடி தப்பு. வட்டச் சட்டத்திலே தோலை இழுத்துக் கட்டிய இக்கருவியை, ஒரு கையில் தடித்த அடிக்குச்சியும் மறு கையில் மெல்லிய சிம்புக்குச்சியும் கொண்டு வாசிப்பர். வாசிப்பதற்கு முன்னர் வைக்கோலையோ சருகையோ எரித்துத் தோலைக் காய்ச்சுவர். அளவுக்குக் குறைவாகக் காய்ந்தால் ஓசை மந்தமாகும். கூடிவிட்டாற் தோல் வெடித்துவிடும். எப்போது போதும் என்பதை அறிவது செவியேயாகும். காய்ச்சிக்கொண்டே இடையிடையே விரலால் தட்டிக் கேட்டு, மற்றத் தப்புக்களின் ஓசையோடு இணங்குகின்றதா எனப் பார்ப்பர். மிருதங்கத்துக்கு ரவை பூசுவதற்கும் தப்பைத் தீயிற் காய்ச்சுவதற்கும் இசையியல் நோக்கில் யாதொரு வேறுபாடும் இல்லை. இரண்டும் சுருதி சேர்த்தலே. முன்னதை நாம் சுருதி சேர்த்தல் என்கின்றோம். பின்னதைத் தப்புக் காய்ச்சுதல் என்று மட்டும் சொல்கின்றோம். சொல்லிலேயே மதிப்பீடு ஒளிந்திருக்கின்றது.

தப்பின் அடிகளும் ஒன்றல்ல. சாமிக்குரிய அடி வேறு, கலியாணத்துக்குரிய அடி வேறு, சாவுக்குரிய அடி வேறு. காமன் கூத்தில் ரதி வரும்போதும் வீரபத்திரர் வரும்போதும் அடி மாறும். முற்காலத்தில் தொழிலாளரைத் துயிலெழுப்பிப் பிரட்டுக் களத்துக்கு அழைத்ததும் தப்பே. ஒலியை மட்டும் கேட்டு இது எந்நிகழ்வு என்று தோட்டத்து மக்கள் அறிந்துகொள்வர். எனவே தப்புக்காரரின் சபை மிகவும் கூர்மையான சபை. அடி தவறினாற் பொருள் தவறிவிடும்; சாவு வீட்டில் வேறோர் அடி விழுந்தால் அது வெறும் தாளப்பிழையாக நின்றுவிடாது.

இவ்வடிகள் எழுதி வைக்கப்பட்டவை அல்ல. எங்கள் பகுதித் தோட்டமொன்றிலே முதிய தப்புக்காரர் ஒருவர் இளைஞன் ஒருவனுக்குப் பழக்கிய முறையை அவதானிக்க நேர்ந்தது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு அடியை வாயாற் சொல்லுமாறு அவர் பணித்தார். வாய் தடுமாறாது சொல்லும் வரை முழங்காலிலும் தட்ட விடவில்லை. முழங்காலில் ஒழுங்காக விழுந்த பின்னரே தப்பைக் கையிற் கொடுத்தார். அவன் அவசரப்பட்டபோது, ‘காது பழகாம கை பழகுனா அது சத்தந்தான் தம்பி, அடி இல்ல’ என்று கூறினார். இளங்கோவடிகள் தண்ணுமை வாசிப்போனுக்கு வகுத்த இலக்கணமும் இம்முதியவரின் கூற்றும் ஒரே திசையை நோக்குகின்றன. ஒன்றைப் பாடநூலிற் கற்கின்றோம். மற்றதைக் கற்க எவரும் நம்மைப் பணிப்பதில்லை.

இதற்குக் காரணம் சமூக அமைப்பிலே உள்ளது. தப்பு வாசித்தல் சாதியுடன் பிணைக்கப்பட்ட கடமையாக நெடுங்காலம் விளங்கிற்று. விரும்பிக் கற்கும் வித்தையாகவன்றிப் பிறப்பால் விதிக்கப்பட்ட ஊழியமாக அது கருதப்பட்டமையால், அதிலடங்கிய பயிற்சி கண்ணுக்குப் புலப்படாது போயிற்று. பிறப்பினால் வருவதற்குப் பயிற்சி எதற்கு என்பதே இதனடியிலுள்ள எண்ணம். ஒருவரின் திறமையை இயல்பானது என்று புகழும்போதே அவரது உழைப்பை நாம் பறித்துக்கொள்கின்றோம். பாடகரின் குரலை இறைவன் கொடுத்த வரமென்போம். ஆயினும் அவரது சாதகத்தையும் சேர்த்துப் பேசுவோம். தப்புக்காரருக்கு வரமும் இல்லை, சாதகமும் இல்லை. பழக்கம் மட்டுமே உண்டு என எண்ணிவிடுகின்றோம்.

இந்நிலை மாற்றமுடியாத ஒன்றல்ல என்பதற்கு யட்டவத்தவின் அயற் கிராமங்களே சான்று. கண்டிய நடனமும் கெட்ட பெரய எனும் முழவும் பெரவா சாதியினரால் தலைமுறை தலைமுறையாகப் பேணப்பட்டவை. தத், ஜித், தொம், நம் என்னும் நான்கு அடிப்படைச் சொற்களில் முழவுப் பயிற்சி தொடங்கும். ஆடுபவர் நெடுங்காலப் பயிற்சியின் பின்னரே சடங்குபூர்வமாக வெஸ் தலையணியை முதன்முதலிற் சூடுவர். சுதந்திரத்தின் பின்னர் இக்கலை தேசியக் கலையெனப் போற்றப்பட்டு, பாடசாலைகளிலும் அரச கலை நிறுவனங்களிலும் பாடமாயிற்று. அதனால் அச்சாதியினர் எதிர்நோக்கிய இழிவு முற்றாக அகன்றுவிட்டது என்று கூறுவதற்கில்லை. எனினும் அவர்களின் பயிற்சி, பயிற்சி என்ற பெயரைப் பெற்றது. ஒரு கலைக்குப் பயிற்சி உண்டு என்ற ஏற்பு, சமூகத்தின் ஏற்பைப் பின்தொடர்ந்தே வருகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

தப்பிசைக்கு அந்த ஏற்புக் கிடைக்கவில்லை என்பது ஒருபுறமிருக்க, அதன் பயிற்சித் தொடர்ச்சியும் அறுக்கப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப வழிவகுத்தது. 1972, 1975 ஆகிய ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களைத் தொடர்ந்து கண்டி, மாத்தளை மாவட்டத் தோட்டங்களிலிருந்து பலர் வெளியேற நேர்ந்தது. 1977இலும் 1983இலும் வன்செயல்கள் நிகழ்ந்தன. 1983இல் மாத்தளை முத்துமாரியம்மன் ஆலயமும் தீக்கிரையாயிற்று. வாய்மொழியாகக் கையளிக்கப்படும் கலையிலே, ஒரு காமன் மாஸ்டர் தலைமன்னாரிற் கப்பலேறினால் அவருடன் சேர்ந்து பாட்டுக்களும் அடிகளும் கப்பலேறிவிடும். சிறு தோட்டங்கள் நிறைந்த எமது பகுதி போன்ற இடங்களில், ஒருவர் போனாற் கற்பிப்பதற்கு இன்னொருவர் இருப்பது அரிது. எஞ்சியிருப்பது எத்துணை அருமையானது என்பதை இப்பின்னணியிலேயே உணர்தல் வேண்டும்.

இத்தகைய தப்பிசையை நமது பல்கலைக்கழகக் கலைவிழாக்களும் பாடசாலை மேடைகளும் எவ்வாறு கையாளுகின்றன? மலையகம் என்ற அடையாளத்தைக் காட்டவேண்டிய ஏழு எட்டு நிமிடங்களுக்குத் தப்பு தேவைப்படுகின்றது. நிகழ்ச்சிக்கு இரண்டு வாரங்கள் இருக்கையில் ஒத்திகை தொடங்கும். ஒரேயோர் அடி தெரிவு செய்யப்படும். பெரும்பாலும் அது வேகமான அடியாகவே இருக்கும். வேகம் குறையை மறைக்கும் என்பதை முன்னர் கண்டோம். ஒலிவாங்கி கருவிக்கு அருகே வைக்கப்படும். ஓசையின் பெருமை எஞ்சிய குறையையும் மறைத்துவிடும். சிலவேளைகளில் ஒலிப்பதிவு பின்னணியில் ஒலிக்க, மேடையில் நிற்போர் தப்பைக் கையிலேந்தி அசைவது மட்டுமே நடைபெறும். சபை ஆரவாரஞ் செய்யும். நிகழ்ச்சி வெற்றி பெற்றதாகக் கருதப்படும்.

அந்த வெற்றியை ஐயுறவேண்டியது விமர்சகரின் கடமை. ஆரவாரஞ் செய்யும் சபை அடிகளின் வேறுபாட்டை அறியாத சபை. அது அறியாது என்ற நம்பிக்கையிலேயே அந்த ஆயத்தம் அமைந்துள்ளது. கேட்பவரின் அறியாமையைக் கணக்கிற் கொண்டு செய்யப்படும் ஆயத்தமே நேர்மையற்ற ஆயத்தம். அதே மாணவர் குழு வீணையையோ வயலினையோ இரண்டு வாரப் பழக்கத்துடன் மேடைக்குக் கொண்டுவரத் துணியுமா? துணியாது. தப்புக்கு மட்டும் அத்துணிவு எங்கிருந்து வருகின்றது? யாரும் அடிக்கலாம் என்ற எண்ணத்திலிருந்தே வருகின்றது. முற்போக்கான நோக்கத்துடன் தப்பைக் கையிலெடுப்போரும், இவ்வெண்ணத்தைக் கைவிடாதவரை, பழைய இழிவையே புதிய உடையில் மேடையேற்றுகின்றனர். பேராசிரியர்கள் க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும் கலையை அது தோன்றிய சமூக உறவுகளில் வைத்து நோக்கக் கற்பித்தனர். அந்நோக்கு நூல்களை ஆராயும்போது மட்டுமன்றி, ஒரு கருவியைக் கையிலெடுக்கும்போதும் தேவைப்படுகின்றது.

இதற்கு மறுப்பாகச் சில கருத்துக்கள் கூறப்படலாம். மாணவரிடம் நேரமில்லை, விரிவுரைகளுக்கும் பரீட்சைகளுக்குமிடையே மாதக்கணக்கிற் பயில்வது இயலாது என்பது ஒன்று. இது உண்மையே. ஆயின் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு இரவிற் பழகியவர்களின் கலையைப் பற்றிப் பேசும்போது, நேரமின்மையை வாதமாக முன்வைப்பதற்கு நாம் சற்றுக் கூசவேண்டும். இயலாதெனிற் செய்யத்தக்கது குறைந்த பயிற்சியுடன் நிறையப் போலி செய்வதன்று. சிறிய ஒன்றை முறையாகச் செய்வது. ஒரேயோர் அடியை விளம்பத்திலிருந்து தொடங்கிப் பிசகாது வாசித்தால், அது பத்து அடிகளின் குழப்பத்தினும் மேலானது.

இரண்டாவது மறுப்பு கனமானது. தப்பு இழிவின் சின்னமாகச் சுமத்தப்பட்டது. அதனைக் கைவிட விரும்பும் இளைஞரைப் பார்த்து மரபைப் பேணுங்கள் என்று போதிப்பது நியாயமா என்பது அது. நியாயமன்று. சாவு வீட்டு வாசலில் நின்று தப்படிக்க மறுத்து வேறு தொழிலை நாடும் இளைஞனின் முடிவு மதிக்கப்பட வேண்டியது. அவன் கைவிட்டது கலையை மாத்திரமன்று; ஓர் அடிமைத்தனத்தையும் கைவிட்டுள்ளான். ஆகவே மரபைப் பேணும் கடமையை அவன் தலையில் ஏற்றுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. அக்கலையை விரும்பி மேடைக்குக் கொண்டுவருவோருக்கே அக்கடமை உண்டு. பிறர் இழிவுடன் சுமந்ததை நாம் கைதட்டலுடன் ஏந்துகின்றோம் எனில், அதற்குரிய விலையை உழைப்பாகவேனும் செலுத்துதல் வேண்டும்.

அவ்வுழைப்பு எவ்வாறு அமையலாம்? முதலாவதாக, நிகழ்ச்சியைத் தீர்மானிப்பதற்கு முன்னர் ஆசிரியரைத் தேடுதல் வேண்டும். காணொளியைப் பார்த்துப் பழகுவது அடியின் உருவத்தைத் தரும். பிழை எதுவென்று அது சொல்லாது. தோட்டங்களில் இன்றும் வாழும் தப்புக்காரரை அழைத்து, ஏனைய இசையாசிரியருக்குக் கொடுக்கும் ஊதியத்தையும் இருக்கையையும் அவருக்கும் கொடுத்துக் கற்றல் வேண்டும். இரண்டாவதாக, ஒலிவாங்கியின்றி, மெதுவாக, ஒருவர் பின் ஒருவராகப் பயிலுதல் வேண்டும். கூட்டமாக அடிக்கும்போது கேளாத பிழை தனியாக அடிக்கும்போது கேட்கும். மூன்றாவதாக, விழாச் சபைக்கு முன்னர், அக்கலையை அறிந்த மக்கள் முன்னிலையில் ஒருமுறை வாசித்துக் காட்டுதல் வேண்டும். மட்டக்களப்பின் கிழமைக் கூத்து கற்றுத் தரும் பாடம் இதுவே. அவர்கள் இது சரியில்லை என்றால், மேடையேற்றத்தைப் பிற்போடும் துணிவும் வேண்டும். நான்காவதாக, அறிவித்தலிலே எதைச் சுருக்கினோம், யாரிடம் கற்றோம் என்பதைச் சொல்லுதல் வேண்டும். சிலப்பதிகாரம் மாதவியின் ஆசிரியருக்கு அளித்த இடத்திற் சிறு பங்கையேனும் நாம் நமது ஆசிரியருக்கு அளிக்கலாம்.

விமர்சகருக்கும் இதிற் பங்குண்டு. கலைவிழா பற்றி எழுதுவோர் நிகழ்ச்சி சிறப்பாக அமைந்தது என்ற வழமையான வாக்கியத்தோடு நின்றுவிடாது, இதனை யார் பழக்கினார், எவ்வளவு காலம் பழகினர், எந்த அடி வாசிக்கப்பட்டது, அது உரிய இடத்துக்கு உரிய அடிதானா என வினவத் தொடங்கினால், ஆயத்தத்தின் தரம் தானாகவே உயரும். அத்தகைய வினாக்களை இராக ஆலாபனை பற்றி எழுப்பத் தயங்காத நாம், தப்பைப் பற்றியும் எழுப்புவதே அக்கருவிக்குச் செய்யும் உண்மையான மரியாதை. கண்டிப்பற்ற பாராட்டு, எதிர்பார்ப்பு ஏதுமில்லாத இடத்திலேயே பிறக்கின்றது.

சுருங்கக் கூறின், மேடையிலே கலைஞர் பெறும் கைதட்டல் ஒரு கடன். அதனைப் பயிற்சியால் முன்னரே அடைத்தவர்கள் உண்டு. அடைக்காமலே பெற்றுக்கொள்பவர்களும் உண்டு. சபையால் இவ்விருவரையும் எப்போதும் வேறுபடுத்தி அறியமுடியாது. தமது தாளம் எங்கே தளர்ந்தது என்பதையும், தமக்கு அதனைக் கற்பித்தவர் யார் என்பதையும் வாசிப்பவர் அறிவார். மலையகத்துத் தோட்டங்களில் எஞ்சியிருக்கும் தப்புக்காரர் சிலரின் செவிகள் இன்னும் நம்மைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அச்செவிகள் உள்ளபோதே அவர்கள் முன்னிலையிற் பயின்று, அவர்கள் தலையசைக்கும் வரை காத்திருந்து, அதன் பின்னர் மேடையேறுவது நமது தலைமுறை மாணவரின் பொறுப்பாகும்.